பாலம் தாண்டாத லாரி

கேம் செய்யும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பட்டங்களை நான் மதிக்கிறேன். மதித்துவிட்டு ஒன்று சொல்கிறேன். பட்டம் எதுவும் இல்லாமல் ஃபிஜி தீவில் கேம் கம்பெனி நடத்திக் காட்டியவன் நான். ஆறாம் கிளாஸ் முடிந்த அன்று அப்பா என் கையில் கரும்பு வெட்டும் கத்தியைக் கொடுத்தார். நான் அதைக் கீழே வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அதிலிருந்து யாருக்கும் கீழே நான் வேலை செய்தது மிகக் கொஞ்சக் காலம்தான்.

தமிழ் எழுத்து எனக்குக் கோயிலில் வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது ஃபிஜி ஹிந்தியும் இங்கிலீஷும்தான் பேசுகிறார்கள். இதைப் படிக்க மாட்டார்கள். சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து கேம் செய்கிற நீங்கள்தான் "உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்" என்று கேட்டீர்கள். கேட்டது உங்கள் தப்பு. இனி நான் சொல்லித்தான் முடிப்பேன்.

புரோகிராம் எழுதுவது எப்படி, படம் வரைவது எப்படி என்று இதில் எதுவும் இருக்காது. எனக்கு அவை தெரியாது. தெரிந்தவர்களை வேலைக்கு வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது வேறு. சொன்ன நாளில் சாமான் வரவில்லை என்றால், காத்திருக்கிற ஆளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? எந்தக் காலேஜிலும் இதற்கு வகுப்பு இல்லை என்று கேள்விப்படுகிறேன். அதனால் கவனமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கதை. லம்பாசாவில் ஒரு சீனாக்காரர் கேம் மெஷின் கடை வைத்திருந்தார். லம்பாசா வடக்குத் தீவில் எங்கள் ஊர். சர்க்கரை மில்லும் கரும்புத் தோட்டமும்தான் அங்கே எல்லாம். முதல் கூ நடந்த வருஷம் அது. பட்டாளம் ஆட்சியைப் பிடிப்பதற்கு எங்கள் தீவில் கூ என்றுதான் பெயர். சின்னக் குழந்தைகளுக்கும் தெரிந்த வார்த்தை. டாக்டர்கள், வாத்தியார்கள், மெக்கானிக்குகள் என்று இந்திய வம்சத்து எங்கள் ஆட்கள் பயந்துபோய்க் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கிளம்பினார்கள். மெக்கானிக்குகள் எல்லாரும் போய்விட்டதால் நான் மெக்கானிக் ஆனேன். திறமையும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சீனாக்காரர் கடையில் ஒரு மெஷின் கெட்டால், உடனே அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்வார்.

"ஓடாதுன்னு ஒரு பேப்பர் ஒட்டினாப் போதாதா முதலாளி?" என்றேன் ஒரு நாள். இரும்புக் கனம் கனக்கிற மெஷின், எனக்குத்தான் இடுப்பு நோகும்.

"பேப்பரைப் படிச்சிட்டும் பசங்க பட்டனை அமுக்குவாங்க. ஆசை இருக்கும் இல்ல? முகத்தைத் திருப்பி வெச்சா ஆசை வேற மெஷினுக்குப் போயிடும்."

"நாளைக்குச் சரியாயிடும்னு சொல்லிக்கலாம்."

"நாளைக்குன்னு சொன்னா நாளைக்கு வருவான். நீ சொல்லாதே. சரி பண்ணு. சரியானதும் மெஷினைத் திருப்பு. அவனே பாப்பான்."

இதை நான் அப்போது கிழவரின் கிறுக்கு என்று நினைத்தேன். பிறகு சுவாவில் ஒரு நாள் இது இல்லாமல் தவித்தேன். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

சுவாவுக்குப் போய்ச் சொந்தமாக மெஷின் கடை போட்டேன். தலைநகரத்திலேயே பெரிய கடை என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். இரண்டாயிரத்தில் வந்த கூவில் ஊரைச் சூறையாடினார்கள். என் மெஷின்களும் தெருவோடு போயின. தம்பிமார் இருவரும் சிட்னிக்குப் போனார்கள். "நீயும் வா அண்ணே" என்று அழுதார்கள். நான் போகவில்லை. மெஷின் போனால் போகட்டும் என்று கம்ப்யூட்டரில் ஓடுகிற கேமை நாமே செய்யலாம் என்று இறங்கினேன்.

அதற்குப் பெயர் 'கரும்பு லாரி'. லம்பாசாவில் கரும்பை ஏற்றிக்கொண்டு, மண் ரோட்டில் ஆட்டி ஆட்டி ஓட்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மில் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேம். சுடுவது கிடையாது, வெட்டுவது கிடையாது. "இதை யார் விளையாடுவான்?" என்று சிரித்தவர்கள் உண்டு. யார் விளையாடினார்கள் தெரியுமா? போனவர்கள் விளையாடினார்கள். ஆக்லாந்திலும் சிட்னியிலும் வான்கூவரிலும் டாக்ஸி ஓட்டுகிற, பஸ் ஓட்டுகிற, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற நம் ஆட்கள். முதலில் ஒரு சின்ன மாதிரியை இலவசமாக விட்டிருந்தோம். அதில் பாலம் கிடையாது, ஒரு ரோடும் நாலு மரமும்தான். அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். எங்கள் இணையப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்கள்.

"பாஸ், அந்த வளைவுல எங்க அப்பா கடை இருந்துச்சு. போடுவீங்களா?"

"சரி, போடறேன்" என்றேன்.

"மாமா, கோயிலுக்குப் பின்னாடி எங்க வீடு. நீல ஜன்னல்."

"சரி."

சரி, சரி, சரி. எங்கள் தீவில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன் என்போம், போகமாட்டோம். யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். அது மரியாதை. ஆனால் கம்ப்யூட்டருக்கு அந்த மரியாதை புரியாது. நான் ஒவ்வொரு சரி சொன்னதும் அதன் தலையில் ஒரு வீடு ஏறியது. கிறிஸ்துமஸுக்கு வெளியிடுகிறோம் என்று எல்லாருக்கும் சொல்லியாயிற்று. பாலத்தையும் போட்டாயிற்று. லாரி பாலத்தருகில் வந்ததும் கம்ப்யூட்டர் சுற்றியிருக்கிற வீடுகளை எல்லாம் வரைய ஆரம்பிக்கும். எல்லா வீட்டையும் வரைந்து முடித்துப் பாலத்துக்கு வருவதற்குள் லாரி ஆற்றில் கிடக்கும். எப்படிச் செய்தாலும் ஆற்றில்தான்.

அந்த டிசம்பரில் இன்னொரு கூ வந்தது.

எங்கள் கம்பெனியில் எனக்கு அடுத்து இரண்டு பேர். புரோகிராம் எழுதுகிற பிரகாஷ், படம் வரைகிற மெரே. பிரகாஷ் நம் ஆள். நியூசிலாந்துக்குப் போக விசா வந்து, நாளை எண்ணிக்கொண்டிருந்தான். மெரே சபேட்டோ பள்ளத்தாக்கில் பூர்வகுடி ஃபிஜியன் கிராமத்துப் பெண். அவளுடைய அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். நாங்கள் பேசிக்கொண்டது ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"பாஸ், நமக்கு ஒரு வழி கெடச்சிருக்கு" என்றான் பிரகாஷ். "கூனால லேட்டுன்னு போட்டுடலாம். உலகம் பூரா டிவியில பட்டாளத்தைத்தான் காட்டறான். யார் கேள்வி கேக்கப் போறா?"

மெரே பென்சிலைக் கீழே வைத்தாள். "எங்க அண்ணன் செக்போஸ்ட்ல வெயில்ல நிக்கறான். உன் பாலத்தை அவனா உடைச்சான்?"

"ஓ, கூ நல்ல வேலைன்றியா?"

"எப்பச் சொன்னேன்? அது செஞ்ச தப்புக்கு அது பதில் சொல்லட்டும். நீ செஞ்சதையும் ஏன் அது தலையில கட்டற?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி என்றால் இப்படித்தான், எல்லாரும் கடைசியில் உங்களைத்தான் பார்ப்பார்கள். எனக்கோ லம்பாசா போக பிளேனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "போடு" என்றேன் பிரகாஷிடம். மெரே என் பையை எடுத்துக் கொடுத்தாள். பையை எடுத்துக் கொடுக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் பாலத்தருகே பட்டாளக்காரர்கள் டாக்ஸியை நிறுத்தினார்கள். குனிந்து பார்த்தவன் மெரேவின் அண்ணன்.

"புலா பாஸ்! கேம் எப்ப வருது?"

"கொஞ்சம் லேட்டாகும்."

"ஐயோ, ஏன்?"

என் கம்பெனி பூராவும் சொல்லப்போகிற காரணம் தோளில் துப்பாக்கியோடு எதிரில் நிற்கிறது. அதனிடமே அதை எப்படிச் சொல்வது? "மழை" என்றேன்.

அவன் வானத்தைப் பார்த்தான். "கம்ப்யூட்டருக்கு உள்ளேயுமா பெய்யுது?" என்று சிரித்து, பையைத் திறந்து பார்த்து, டாக்ஸியைப் போகவிட்டான்.

இதிலிருந்து உங்களுக்கு முதல் பாடம். ஒரு காரணம் எழுதினால், அதில் சம்பந்தப்பட்ட ஆளை எதிரில் நிற்க வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாய் வரவில்லை என்றால் எழுதாதீர்கள். எனக்கு அந்த இடத்திலேயே புரிந்திருக்க வேண்டும். பிளேன் பிடிக்கிற அவசரம்.

லம்பாசாவுக்கு நான் போனது ஒரு வீட்டைப் போட்டோ எடுக்க. ஆக்லாந்தில் பஸ் ஓட்டுகிற ராஜன் என்பவர் எங்கள் ரசிகர்களில் முதல் ஆள். வேலை முடிந்து வந்ததும் எங்கள் லாரியில் ஏறி இன்னொரு தடவை ஓட்டுகிற மனுஷன். இரண்டாயிரத்துக் கூவுக்குப் பிறகு போனவர், திரும்பி வரவே இல்லை. அவருடைய அம்மா தனியாகத் தோட்டத்தில் இருந்தார். "எங்க வீட்டையும் போடுங்க மாமா" என்று ராஜன் கேட்டிருந்தார். நானும் சரி சொல்லியிருந்தேன். இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வரப்போவதாகவும் எழுதியிருந்தார். அந்தப் பிள்ளைகள் அப்பா பிறந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

லம்பாசாவில் இறங்கினால் மார்க்கெட் எப்போதும் போல நடந்துகொண்டிருந்தது. கத்திரிக்காய் விலை பேசுகிறார்கள். பஸ் ஏறிப் போனேன். ராஜனின் அம்மா முனியம்மா அக்கா, மரப்பலகை வீட்டுக்கு ரோஸ் கலர் பெயிண்ட் அடித்துக்கொண்டு நின்றார். ஏணி கிடையாது. டிரம் ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றிருந்தார்.

"நீதானா கேம்காரன்? நல்ல நேரத்துல வந்த. பாதி அடிச்ச வீட்டைப் படம் எடுக்காதே. இன்னா நெனப்பான் என் மகன்?"

"கேம்ல அக்கா, முழு வீட்டையும் நாங்களே அடிச்சிடுவோம்."

"கேம்ல அடிச்சா மழை தாங்குமா?" என்று சொல்லி, ரொட்டியும் கத்திரிக்காய்க் கறியும் வைத்தார். எங்கள் இருவருக்கும் தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். மகன் வருகிற நாளுக்கு வாங்கி வைத்த மெத்தை, பேரப்பிள்ளைகளுக்கு மாமரத்தில் கட்டின கயிற்று ஊஞ்சல், எல்லாவற்றையும் காட்டினார். "அதுங்க இங்கிலீஷ்தான் பேசும். நான் தமிழ்தான் பேசுவேன். மாங்கா கொடுத்தா எல்லாம் புரியும்" என்றார்.

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"ஹலோ? ராஜா? இன்னாடா... வரலியா? எந்த ரோடு? யாருடா சொன்னது ரோடு மூடியிருக்குன்னு?" என்று கேட்டவர், மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "கேம்காரங்களா? அந்தக் கேம்காரர் என் வீட்டுல உக்காந்து ரொட்டி தின்னுகினு கீறாருடா."

நான் கறிக் கையோடு போனை வாங்கினேன். பிரகாஷ் நோட்டீஸைப் போட்டுவிட்டிருந்தான். வெறும் கூ என்று போட்டால் சப்பென்று இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, தாராளமாக எழுதியிருக்கிறான். 'லம்பாசாவுக்குப் போகிற வழி எல்லாம் மூடிக் கிடக்கிறது, எங்கள் ஆட்கள் வெளியே காலெடுத்து வைக்க முடியவில்லை, அதனால் கேம் தாமதம்.'

"மாமா, நெஜமாவே நீங்களா?" என்றார் ராஜன். "எப்படி அங்கே போனீங்க?"

"பிளேன்ல. அப்புறம் பஸ்ல."

"அப்ப நோட்டீஸு?"

"பொய்."

அந்தப் பக்கம் அவர் டிவியை அணைப்பது கேட்டது. பிறகு பேசினார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"மாமா, எங்க அம்மாவுக்குக் கை உடைஞ்சப்பவே நல்லா கீறேன்னுதான் சொல்லிச்சு. அது சொல்றத நான் கணக்குல எடுக்கறதில்ல. சொந்தக்காரங்கள்ல ஒருத்தன் வான்றான், ஒருத்தன் வராதேன்றான். டிவியைப் போட்டா துப்பாக்கி. உங்களுக்குப் பொய் சொல்லி இன்னா லாபம்னு உங்களைத்தான் நம்பினேன். இப்பதான் வீட்டுல சொன்னேன், டிக்கெட்டை வேணாம்னு சொல்லிடலாம்னு."

"சொல்லாதே ராஜன். ரோடு திறந்துதான் இருக்கு."

"காலையில மூடியிருக்குன்னு எழுதறீங்க. இப்பத் திறந்திருக்குன்றீங்க. நான் தனியா வரதா இருந்தா வந்துடுவேன். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரணும் மாமா. எத நம்பி ஏத்தறது?"

நான் போனை ஜன்னல் பக்கம் நீட்டினேன். வெளியே ரோட்டில் ஒரு பஸ் போனது. அந்தச் சத்தத்தை அவர் கேட்டாரோ என்னவோ. "அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

முனியம்மா அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மெத்தை மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை இழுத்துச் சரிசெய்தார்.

"ஏன் தம்பி அப்படி எழுதின?"

"கேம் ஓடல அக்கா. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அவ்ளோதானா?" என்றார். "போன் அங்கதான் கீது. யார்கிட்ட பேசணுமோ பேசு."

ஆபீசுக்கு அடித்தேன். பிரகாஷ் எடுத்தான். நோட்டீஸை எடுக்கச் சொன்னேன். அதற்குப் பதில் உண்மையைப் போடச் சொன்னேன். அதோடு இன்னொன்றும் சொன்னேன். பாலத்தில் விழுகிற அந்தக் கேமை, உடைந்து கிடக்கிறபடியே, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளட்டும் என்று வைத்துவிடச் சொன்னேன். எனக்கு அப்போது தோன்றியது இதுதான். ரோடு திறந்திருக்கிறது என்று நூறு தடவை சொல்வதை விட, என் கேம் ஓடவில்லை என்று ஒரு தடவை காட்டினால் அந்த மனுஷன் நம்புவான். தனக்கு அவமானம் வருகிறதைத் தானே எடுத்துப் போடுகிறவன் மற்றதில் ஏன் பொய் சொல்லப் போகிறான்?

பிரகாஷ் பதறினான். "பாஸ், ஆக்லாந்து வேலைக்கு இந்தக் கேமைத்தான் காட்டியிருக்கேன். உடைஞ்சத ஊர் பூரா பாத்தா என் பொழப்பு என்னாகும்? நான் போறதாலதான் லேட்டுன்னும் எழுதப் போறீங்களா?"

"உன் பேர் அதுல வராது. நீ போறதும் வராது. எல்லாருக்கும் சரி சரின்னு சொன்னது யாரு? நான். என் பேரைப் போடு."

"அதுக்கில்ல பாஸ்..."

"டேய், போறவன் மேல பழி போட்டு நான் எழுதுவேனா? சந்தோஷமா போ. போற வரைக்கும் பாலத்தைப் பாரு."

அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் போன் மெரே கைக்குப் போனது.

"எழுதறேன், சொல்லுங்க" என்றாள்.

நான் ஆரம்பித்தேன். இந்த மாதிரி நிலைமை, இவ்வளவு வேலை, நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம் என்று. அவள் பாதியில் நிறுத்தினாள்.

"பாஸ், எங்க கிராமத்துல மன்னிப்பு கேக்கப் போனா யங்கோனா வேரைக் கொண்டுபோய் முன்னாடி வெப்போம். என்ன செஞ்சோம்னு சொல்வோம். ஏன் செஞ்சோம்னு சொல்ல மாட்டோம். ஏன்னு ஆரம்பிச்சா, எதிர்ல இருக்கறவங்க வேரை எடுக்க மாட்டாங்க. அது அங்கேயே கிடக்கும்."

யங்கோனா தெரியுமா உங்களுக்கு? வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். எங்கள் தீவில் ஃபிஜியனும் நம் ஆளும் ஒரே பாயில் உட்கார்ந்து குடிக்கிற ஒரே சாமான். நாற்பது வருஷமாகக் குடிக்கிறேன், இந்த விஷயம் எனக்குத் தெரியாது.

அப்புறம் அவள் சொன்னபடி சுருக்கமாகச் சொன்னேன். அவள் எழுதினாள்.

'கூவினால் தாமதம் என்று எழுதினோம். அது பொய். நான் இன்று லம்பாசாவில் இருக்கிறேன். கேம் ஓடவில்லை. லாரி பாலத்தில் விழுகிறது. கேட்டவர்கள் எல்லாருடைய வீட்டையும் போடுகிறேன் என்று சொன்னேன். முடியவில்லை. எப்போது வரும் என்று தெரியாது. உடைந்த கேம் இங்கே இருக்கிறது. பாருங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.'

"ஈஸ்டர்னாவது போட்டா ஆறுதலா இருக்கும்" என்று பின்னாலிருந்து பிரகாஷின் குரல் வந்தது.

எனக்குச் சீனாக்காரர் ஞாபகம் வந்தார். "தேதி வேணாம்" என்றேன். "நாளைக்குன்னு சொன்னா நாளைக்கு வந்து பட்டனை அமுக்குவான்." அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனால் போட்டார்கள்.

அன்று கடைசி பிளேன் போய்விட்டது. முனியம்மா அக்கா தங்கச் சொன்னார். மகனுக்கு வாங்கின மெத்தையில் என்னைப் படுக்கவிடவில்லை, பாய்தான். அதுவும் சரிதான். காலையில் டீ கொடுத்துவிட்டு, "சும்மா ஏன் உக்காந்துகினு கீற? உசரமா கீறியே, அந்த மேல் பலகைங்களை அடி. எனக்கு எட்டல" என்று பிரஷ்ஷைக் கொடுத்தார்.

"அவன்தான் வரல்லன்னானே அக்கா."

"அவன் வராட்டி வீட்டைப் பாதியில வுடறதா?"

அடித்தேன். பெயிண்ட் வேலையும் எனக்கு வரும். கூரைக்குக் கீழே ஒரு சொட்டுச் சிந்தாமல் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்கா எடுத்துக் கேட்டுவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் என்னிடம் நீட்டினார். என் கை எல்லாம் ரோஸ்.

"மாமா, விழுந்தேன்" என்றார் ராஜன்.

"எங்கே?"

"ஆத்துல. லாரியோட." பின்னால் பிள்ளைகளின் கூச்சல். "காலையிலிருந்து இதுங்க ரெண்டும் விழுந்துகினே கீதுங்க. பாலம் பக்கம் வந்தாலே கத்துதுங்க. இப்படி ஒரு கேமை எவனாவது வெளியே காட்டுவானா மாமா?"

"நான் காட்டினேன்."

"ம்." பிள்ளைகளை அடக்கினார். "ரோட்டுல நீங்க இன்னா பாத்தீங்க? கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க."

"சுவா பக்கம் பாலத்துல பட்டாளக்காரங்க நிக்கறாங்க. வண்டியை நிறுத்திப் பையைத் தொறந்து பாத்தாங்க, வுட்டுட்டாங்க. லம்பாசாவுல ஒருத்தரையும் பாக்கல. மார்க்கெட் நடக்குது. பஸ் ஓடுது. நாளைக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, ராஜன். பயமே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன்."

"போதும்" என்றார். "நாளைக்குத் தெரியாதுன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான். நாங்க வரோம்."

நான் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் சட்டென்று திரும்பி, ஏற்கனவே அடித்த பலகையையே மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.

"இன்னொண்ணு மாமா. அவ்ளோ வீட்டையும் தூக்கினதாலதான லாரி விழுது? எங்க வீட்டை எடுத்துடுங்க. அதான் நான் நேர்ல வந்து பாக்கப் போறேனே."

தம்பி தங்கைகளே, அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் கேமைக் காப்பாற்றியது. சுவாவுக்குத் திரும்பியதும் மெரேவும் நானும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தோம். எந்த வீடு இன்னும் நிற்கிறதோ அதைக் கேமில் இருந்து எடுத்துவிடுவது. எந்த வீடு இல்லாமல் போய்விட்டதோ, எரிந்ததோ, நிலத்தின் லீஸ் முடிந்து பலகை பலகையாகப் பிரித்து எடுத்துப் போனார்களோ, அதை மட்டும் வைத்துக்கொள்வது. நிற்கிற வீட்டைப் பார்க்க ஒரு டிக்கெட் போதும். இல்லாத வீட்டைப் பார்க்க எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அத்தனை பேருக்கும் எழுதினோம். சும்மா விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கனடாவிலிருந்து ஒருவர், "நீயும் நம்ம ஊர் மந்திரிங்க மாதிரிதானா?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் எழுதவில்லை. வேர் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டேன். ஆனால் பலர் எழுதினார்கள், "எங்களோடதையும் எடுத்துடுங்க, நிக்குது" என்று. கூடவே, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், கூரை ஒழுகுகிறதா, முன்னால் என்ன மரம் என்று பக்கம் பக்கமாக. மெரே ஒவ்வொன்றையும் படித்து "ஈசா, ஈசா" என்று ஃபிஜியன் பாஷையில் உச்சுக்கொட்டிக்கொண்டே ஒவ்வொரு வீடாக அழித்தாள்.

பிரகாஷ் ஆக்லாந்துக்குப் போய்விட்டான். உடைந்த கேமைப் பார்த்த அந்தக் கம்பெனிக்காரர்கள் அவனிடம் பாலம் ஏன் விழுகிறது என்று கேட்டார்களாம், சொன்னானாம், வேலை கொடுத்தார்களாம். அங்கிருந்தபடியே பாலத்தைச் சரிசெய்து அனுப்பினான். போனவன் கையால்தான் எங்கள் பாலம் நின்றது. அடுத்த மாங்காய்க் காலத்தில் கேம் வந்தது. எப்படி விற்றது என்று கேட்காதீர்கள், நான் பெருமை அடிப்பேன்.

ராஜன் கூ வந்த அந்தக் கிறிஸ்துமஸுக்கே பிள்ளைகளோடு வந்தார். நான் மறுபடி லம்பாசாவுக்குப் போய், யங்கோனா வேரைக் கட்டாகக் கட்டி அவர் முன்னால் பாயில் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். "நம்ம ஆளுங்களுக்குள்ள இன்னாத்துக்கு ஃபிஜியன் சடங்கு?" என்றார்கள். நான் சிரிக்கவில்லை. பொய் எழுதினேன் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

ராஜனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

"எடுத்துக்கோடா" என்றார் முனியம்மா அக்கா. "அந்த மனுஷன் எவ்ளோ நேரம் குனிஞ்சுகினு கீறது?"

எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் ஊஞ்சலில் இருந்தன, வாயெல்லாம் மாங்காய்.

இப்போதும் அந்தக் கேமை ஓட்டுகிறவர்கள் எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். பாலத்துக்கு முன்னால் இடது பக்கம், மாமரத்துக்குக் கீழே, கொஞ்சம் இடம் காலியாக விட்டிருக்கிறீர்களே, வெறும் புல்லாக இருக்கிறதே, அங்கே ஏதோ வரைய மறந்துவிட்டீர்களா என்று. மறக்கவில்லை. அங்கே வீடு இருக்கிறது, அதனால்தான் புல். லம்பாசா போனால் பாருங்கள், ரோஸ் கலர். மேல் பலகைகள் நான் அடித்தது.